துரு இல்லாத குழாய்

“கணக்கு சரியாத்தான் இருக்கு, மேடம். குழாய்தான் கிழிஞ்சு போச்சு” என்றார் அருமைநாயகம்.

ஜொஹரா தலை நிமிரவில்லை. அலை வந்து தொட்டுப் போகும் இடத்தில் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கை அகல இரும்புத் தகடு ஒன்றை ஈரமணலால் தேய்த்துக்கொண்டிருந்தார். பண்டிகைக்கு முந்தின நாள் பித்தளைப் பாத்திரம் தேய்ப்பவர் முகத்தில் இருக்கும் அதே கவனம்.

“சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டாச்சு.”

“என்ன சாப்பிட்டீங்க?”

அருமைநாயகம் யோசித்தார். நினைவுக்கு வரவில்லை.

“ஏதோ சாப்பிட்டேன். நான் நல்லா இருக்கேன் மேடம். அதை விடுங்க.”

ஜொஹரா அதை விட்டார். தேய்ப்பதை விடவில்லை.

*

அந்தக் கடற்கரையில் வேறு வீடு கிடையாது. ஓர் அறை, ஒரு தண்ணீர்த் தொட்டி, அவற்றுக்கு முன்னால் கடலைப் பார்த்தபடி வரிசை வரிசையாக மரச்சட்டங்கள். சட்டங்களில் இரும்புத் தகடுகள். உப்புக்காற்று இரும்பை எப்படித் தின்கிறது என்று பார்ப்பதற்காகவே ஏற்படுத்திய இடம். கவனிக்க ஒரே ஆள், ஜொஹரா.

மீன் பிடிக்கிறவர்கள் அதைத் தகட்டு வீடு என்பார்கள். அந்தப் பக்கம் போக அவர்களுக்கு ஒரு வேலையும் இல்லை.

ஒரு முறை அருமைநாயகம் வேலை பார்க்கும் அனல்மின் நிலையத்துக்குப் பேச வந்திருந்தார் ஜொஹரா. “துருவைப் பார்த்தா உடனே திட்டாதீங்க” என்று தொடங்கினார். எல்லாரும் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த அருமைநாயகம் மட்டும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு சந்தேகம் என்று வந்தால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

வயதைப் பார்த்தால் அவர் ஜொஹராவுக்கு மூத்த அண்ணன் போல. ஓய்வு பெற அதிக காலமில்லை. ஆனாலும் தகட்டு வீட்டுக்கு வந்தால் ஸ்டூலில் உட்கார மாட்டார். நின்றுகொண்டேதான் பேசுவார்.

அவருடைய சந்தேகம் எப்போதும் ஒன்றைப் பற்றித்தான். சாம்பல் குழாய்.

நிலக்கரி எரிந்தபின் சாம்பல் மிஞ்சும். மலை மலையாக மிஞ்சும். அதைக் கடல்நீரில் கரைத்து, கூழ் போல ஆக்கி, பம்பு வைத்துக் குழாயில் தள்ளுவார்கள். குழாய் உப்பளங்களைக் கடந்து, உடைமரக் காட்டைக் கடந்து, ஆளில்லாத வெளியில் நீண்டு நீண்டு போய், தொலைவில் இருக்கும் சாம்பல் குளத்தில் வாயைத் திறக்கும்.

அந்தக் குழாயோடு கூடவே நடந்து அதைப் பார்த்துக்கொள்வது அருமைநாயகத்தின் வேலை.

தினமும் நடப்பார். அவருக்குப் பேச்சுத்துணை குழாய்க்குள் ஓடும் இரைச்சல்தான்.

*

“சொல்லுங்க” என்றார் ஜொஹரா, தகட்டைக் கடல்நீரில் அலசியபடி.

“சாம்பல் குழாயை எவ்வளவு தின்னும்னு எனக்குத் தெரியும். முந்தி வேலை பார்த்த இடத்துல நல்ல தண்ணியில சாம்பலைக் கரைச்சு விட்டோம். உப்பே கிடையாது. அங்கே வருஷக்கணக்கா அளந்து பார்த்திருக்கேன்.”

“சரி.”

“கடல்தண்ணி எவ்வளவு தின்னும்னும் தெரியும். வெறும் கடல்தண்ணி மட்டும் ஓடுற குழாயும் எங்கிட்ட இருக்கு. அதுல சாம்பலே கிடையாது.”

“சரி.”

“ரெண்டையும் கூட்டினேன். ரெண்டும் தின்னது போக இன்னும் பாதி இரும்பு மிச்சம் இருக்கணும்.”

“இருந்துச்சா?”

“இல்லை. போன வாரம் உப்பளத்துல வயிறு கிழிஞ்சு போச்சு. அந்தத் துண்டை மட்டும் மாத்தினோம்.”

“அப்போ மிச்சத்தை யாரு தின்னது?”

“அதைக் கேக்கத்தான் வந்தேன்.”

“நான் தின்னலை” என்றார் ஜொஹரா.

அருமைநாயகம் சிரித்தார். அவருக்குச் சிரிப்பு சட்டென்று வரும். வந்த வேகத்தில் போய்விடும்.

“விளையாடாதீங்க மேடம். அதே நாள்ல போட்ட, அதே இரும்புத் துண்டு இன்னொண்ணு இருக்கு. ஓடைக்கு மேலே.”

“ஓடைக்குக் கீழே?”

“கீழே ஓடையை மறிச்சுப் போட்ட மண்கரை. உப்பளத்துக்குப் போற பொம்பளைங்க அது மேலதான் நடப்பாங்க. அந்த இடத்துல தண்ணியில கால் வைக்காம ஓடையைக் கடக்க வேற வழி இல்லை. குழாய் அவங்க தலைக்கு மேல ரெண்டு முழத்துல போகுது.”

ஜொஹரா தகட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தார். புது நாணயம் போல மின்னியது.

“அளந்து பார்க்கலாமே?”

“அளக்கிற கருவி பழுதுபார்க்கச் சென்னைக்குப் போயிருக்கு. வர இன்னும் நாளாகும். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள நான் ஒரு வார்த்தை சொல்லணும். ஓடலாமா, நிறுத்தணுமா? மாத்தி ஓட்டறதுக்கு இருக்கிற ரெண்டாவது குழாய் கழட்டிக் கிடக்கு. இதை நிறுத்தினா கொதிகலனையே அணைக்கணும். சும்மா நிறுத்திட முடியாது.”

இரண்டாவது குழாயைக் கழற்றிப் போட்டதற்கும் காரணம் இருந்தது. சாம்பல் அடியில் இழைந்துகொண்டே போவதால் குழாயின் அடிவயிறுதான் முதலில் தேயும். அதனால் அவ்வப்போது கழற்றி, அடி மேலே வரும்படி திருப்பிப் போடுவார்கள். படுக்கையில் கிடப்பவரைப் புரட்டிப் படுக்க வைப்பது போல.

“உள்ளே பார்த்தீங்களா?” என்றார் ஜொஹரா.

“பார்த்தேன். முந்தாநாள் கொஞ்ச நேரம் நிறுத்தி, போல்ட்டைக் கழட்டி, டார்ச்சு அடிச்சுப் பார்த்தேன்.”

“எப்படி இருக்கு?”

“அதுதான் மேடம் தைரியம். ஒரு பொட்டுத் துரு இல்லை. கழுவி வச்ச டம்ளர் மாதிரி பளபளன்னு இருக்கு.”

“கிழிஞ்சதே, அது?”

“அதைக் கிழியறதுக்கு முன்னாடி பார்த்தேன். அதுவும்...”

அருமைநாயகம் நிறுத்தினார்.

“அதுவும் பளபளன்னுதான் இருந்துச்சு” என்றார்.

அலை வந்து ஜொஹராவின் கால்விரல்களைத் தொட்டுவிட்டுப் போனது.

*

ஜொஹரா எழுந்து சட்டங்களை நோக்கி நடந்தார். அருமைநாயகம் பின்னாலேயே போனார்.

ஓரத்துச் சட்டத்தில் ஒரு தகடு தொங்கியது. பார்க்கச் சகிக்கவில்லை. கரும்பழுப்பாக, பொருக்குப் பொருக்காக, ஆறிக்கொண்டிருக்கும் புண் போல இருந்தது. அருமைநாயகத்தின் கட்டைவிரல் தானாகப் போய் அதைச் சுரண்டியது. அழுக்கைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது.

“தேய்க்காதீங்க” என்றார் ஜொஹரா.

கை நின்றது.

“அது போர்த்திக்கிட்டு இருக்கு.”

ஜொஹரா அந்தத் தகட்டைக் கழற்றிக்கொண்டார். அறைக்குள் போய் இன்னொரு தகட்டை எடுத்து வந்தார். அது காய்ந்த மணலால் தேய்த்தது, தண்ணீர் காணாதது. மங்கலாக, கோடு கோடாக இருந்தது. மூன்றாவது தகடு கையிலேயே இருந்தது. இப்போது தேய்த்தது.

“மூணும் ஒரே தகட்டில் வெட்டினது. ஒரே நாள்ல ஆரம்பிச்சது. இது கடலைப் பார்த்துச் சும்மா தொங்குது. இதை நான் தினமும் அறைக்குள்ள வச்சு மணலால் தேய்ப்பேன். தினமும் காலையில தொழுதுட்டு வந்து, இதைக் கடல்ல நனைச்சு மணலால் தேய்ப்பேன். இதுல எது ரொம்ப நாள் இருக்கும்?”

அருமைநாயகம் தயங்காமல் மின்னும் தகட்டைக் காட்டினார்.

“கண்ணை மூடுங்க.”

மூடினார்.

“கையை நீட்டுங்க.”

நீட்டினார். மூன்று தகடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக விரல்களுக்கு நடுவில் வந்து வந்து போயின.

முதலாவது கனமாக, சொரசொரப்பாக இருந்தது. இரண்டாவதில் அவ்வளவு கனம் இல்லை. மூன்றாவதைத் தொட்டதும் விரல்கள் ஒன்றையொன்று தேடிப் போயின. நடுவில் இரும்பு இருப்பதே சந்தேகமாக இருந்தது. கல்யாணப் பத்திரிகை அட்டை அளவுக்குத்தான் இருந்தது.

கண்ணைத் திறந்தார்.

கையில் மின்னிக்கொண்டிருந்தது அது.

வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு, பள்ளிக்கூடத்தில் பலகைக்கு முன்னால் நிற்கிறவரைப் போல, தனக்குத்தானே சொல்லத் தொடங்கினார்.

“தண்ணி தொட்டதும் இரும்பு ஒரு போர்வை போட்டுக்குது...”

“ம்.”

“சாம்பல் வந்து அதை உரிச்சுட்டுப் போகுது.”

“ம்.”

“உரிச்ச இடத்துல தண்ணி மறுபடி தொடுது. மறுபடி போர்வை. மறுபடி சாம்பல் வருது.”

“குழாய்ல எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை?”

“நேரமா? நிக்கவே நிக்காதே மேடம். ராத்திரி பகல் ஓடுமே!”

ஜொஹரா மூன்று தகடுகளையும் அதனதன் இடத்தில் வைத்தார்.

“அப்போ குழாயை நிறுத்தச் சொல்லவா?” என்று கேட்டார் அருமைநாயகம்.

“நான் தகடு பார்க்கிறவ. கரை மேல நடக்கிறது யாருன்னு உங்களுக்குத்தான் தெரியும்.”

“எல்லாரும் என் மேல பாய்வாங்க.”

“பாயட்டும்.”

“பாய்ஞ்சாலும் தாங்கிக்குவேன். ஆபீஸ்ல என்னை இரும்பு மனுஷன்னுதான் சொல்லுவாங்க. என் வீட்டுக்காரி போன மூணாம் நாளே நான் வேலைக்கு வந்துட்டேன். ஒரு நாள்கூட முகம் வாடினதில்லைன்னு இன்னைக்கும் சொல்லுவாங்க.”

ஜொஹரா முதல் முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

“இரும்பைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்?” என்றார்.

*

அருமைநாயகத்தின் வீட்டில் தரை எப்போதும் ஈரமாக இருக்கும். காலையில் ஒரு முறை துடைப்பார். மாலையில் ஒரு முறை துடைப்பார். வருகிறவர் போகிறவர் கிடையாது. அழுக்காக்க ஆள் இல்லாத வீடு. இருந்தாலும் துடைப்பார்.

இறந்துபோன மனைவி ரெஜினாளின் பொருள்கள் எல்லாம் பரணில் இருந்தன. அவள் செருப்பு, அவள் மூக்குக்கண்ணாடி, பாதியில் நின்ற அவள் பின்னல், அதன் ஊசி, நூல். எதையும் கண்ணில் படும்படி அவர் வைக்கவில்லை.

மகள் பெனிட்டா குவைத்தில் இருந்தாள். ஞாயிறு மாலை தோறும் செல்போனில் முகம் பார்த்துப் பேசுவாள். அதற்கு முன்னால் அருமைநாயகம் சவரம் செய்து, முகம் கழுவி, பவுடர் பூசி, டியூப்லைட்டுக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

“பளிச்சுன்னு இருக்கீங்கப்பா!”

“எனக்கென்னம்மா குறை?”

“சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டாச்சு.”

அவள் நிம்மதியாகப் போனை வைப்பாள். அவர் விளக்கை அணைத்துவிட்டு அதே நாற்காலியில் கொஞ்ச நேரம் இருப்பார்.

வேலை ஒன்றும் அவரை முறித்துவிடாது. அது அவருக்குத் தெரியும். வாழ்க்கை முழுக்க அதே வெயிலில் நடந்தவர்தான். வீட்டில் ஆளில்லாததும் அவரை முறித்துவிடாது. உலகத்தில் எத்தனையோ பேர் அப்படி இருக்கிறார்கள். இரண்டையும் தனித்தனியாக யோசித்துப் பார்த்து, தாங்கும் என்று எப்போதோ முடிவு கட்டியிருந்தார்.

அன்று நடுப்பகலில் அந்த வீட்டுக்கு வந்து, ஈரம் காயாத தரையில் நின்றபடி, தன் மேலதிகாரி உலகநாதனைப் போனில் கூப்பிட்டார்.

“சார், ஓடைக்கு மேல இருக்கிற குழாயை நிறுத்தணும்.”

“உள்ளே பார்த்தீங்கல்ல?”

“பார்த்தேன் சார்.”

“துரு இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

“இல்லை சார்.”

“பின்னே என்ன?”

“அதனாலதான் சார்.”

உலகநாதன் குரலைத் தாழ்த்தினார்.

“நாயகம், உங்களுக்கு லீவு வேணும்னா எடுத்துக்கோங்க. யாரும் கேக்கப் போறதில்லை. அதுக்காகக் குழாய்க்கு லீவு கேட்டா எப்படி?”

“உப்பளத்துல கிழிஞ்சதும் இப்படித்தான் சார் இருந்துச்சு. பளபளன்னு. நான்தான் ஓடலாம்னு சொன்னேன். நான் பார்த்தது இரும்போட நல்ல சட்டைன்னு நினைச்சேன் சார். அது தோல் உரிஞ்ச சதை.”

“கொதிகலனை அணைச்சா என்ன ஆகும் தெரியுமா? பொறுப்பு யாருது?”

“என்னுது சார்.”

“குழாய் நல்லா இருந்துச்சுன்னா?”

“அப்பவும் என்னுதுதான்.”

உலகநாதன் பெருமூச்சு விட்டார். அவரும் அந்தக் கரையைப் பார்த்தவர்தான்.

“சரி, சாயங்காலத்துக்குள்ள நிறுத்தச் சொல்றேன். போய்க் குழாய்ப் பக்கத்துல நில்லுங்க” என்றார்.

*

அருமைநாயகம் ஓடைக்கரையில் நின்றார்.

மாலை வெயிலில் உப்புப் பாத்திகள் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. அவற்றில் ஒன்று மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது. போன வாரம் கிழிந்த குழாய் கொட்டியது.

உப்பு வாரிவிட்டுத் திரும்பும் பெண்கள் தொலைவில் தெரிந்தார்கள். முன்னால் முப்பிடாதி வந்தாள். அந்தச் சாம்பல் பாத்தி அவள் பாடுபட்டது.

“நில்லும்மா. குழாய் நிக்கட்டும். அப்புறம் கடக்கலாம்” என்று கத்தினார் அருமைநாயகம்.

“என்னய்யா, காலம்பற இதுக்கு அடியிலதான் போனோம். அப்ப ஒண்ணும் சொல்லலியே?”

“அப்போ எனக்குத் தெரியாது.”

“இப்ப மட்டும் யாரு வந்து சொன்னாவளாம்?”

அவர் குழாயை நிமிர்ந்து பார்த்தார்.

“என் உப்புக்கு மை தடவி விட்டாச்சு. இனிமே மூஞ்சிக்கும் தடவணும்னு காத்திருக்கீகளோ?” என்றாள் முப்பிடாதி. மற்றப் பெண்கள் சிரித்தார்கள். ஆனால் எல்லாரும் நின்றார்கள். கூடைகளை இறக்கி வைத்துவிட்டு வரப்பில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

அருமைநாயகம் ஓடையோரத்தில் தாழ இறங்கும் குழாயின் மேல் கையை வைத்தார். உள்ளே இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. மனிதர் பேசாத நாள்களில் எல்லாம் அவரோடு கூட நடந்த இரைச்சல்.

அது கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. கரகரப்பாயிற்று. முனகலாயிற்று. நின்றது.

அப்போதுதான் அந்த வெளியில் காற்று வீசுவதே அவர் காதில் விழுந்தது. எவ்வளவு பெரிய வெளி அது! ஒரு பறவை எங்கோ கத்தியது. தன் மூச்சு போய் வருவதும் கேட்டது. அதைக் கேட்கப் பிடிக்காமல் இருமினார்.

“போகலாமாய்யா?” என்றாள் முப்பிடாதி.

“போங்கம்மா.”

பெண்கள் ஒவ்வொருவராகக் கரையில் நடந்து கடந்தார்கள். கடைசிப் பெண் கடக்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

*

மறுநாள் காலை கிரேன் வந்தது. ஓடைக்கு மேலிருந்த துண்டின் போல்ட்டுகளைக் கழற்றினார்கள். கிரேன் வாரைக் குழாயின் வயிற்றைச் சுற்றிப் போட்டார்கள்.

வார் இறுகியது. குழாய் தூணை விட்டு எழுந்தது.

எழுந்ததும் அடிவயிறு, தகர டப்பாவைக் கையில் வைத்து நசுக்கியது போல, ‘டப்’பென்று உள்ளே ஒடுங்கியது.

கிரேன் ஓட்டுநர் எட்டிப் பார்த்து, “இதுக்கு எதுக்குங்க கிரேன்?” என்றார்.

குழாயைக் கரையில் கிடத்தினார்கள். வேடிக்கை பார்க்க வந்த முப்பிடாதி குனிந்து அதன் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள்.

“யாத்தே! கண்ணாடி மாதிரி இருக்கே. இதையாய்யா கழட்டுனீக?”

“ஆமா.”

“உள்ள என் மூஞ்சி தெரியுது.”

அவள் போன பிறகு அருமைநாயகமும் குனிந்து பார்த்தார். ஒடுங்கிய இடத்தில் ஒளி வளைந்து கிடந்தது. அதில் ஒரு முகத்தின் நிழல் தெரிந்தது. எவ்வளவு நேரம் அப்படிக் குனிந்திருந்தார் என்று அவருக்குத் தெரியாது. கூப்பிட யாரும் வரவில்லை.

உலகநாதன் போன் செய்தார்.

“கேள்விப்பட்டேன், நாயகம். நல்ல வேளை. நீங்க நிஜமாவே இரும்பு மனுஷன்யா.”

அருமைநாயகம் சட்டென்று சிரிக்க முயன்றார். வரவில்லை.

*

மாலையில் தகட்டு வீட்டுக்குப் போனார். சவரம் செய்திருக்கவில்லை. முகத்தில், கழுத்தில், காது மடலில் சாம்பல் ஒட்டியிருந்தது. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினார். ஸ்கூட்டர் இந்தப் பக்கம் வந்துவிட்டது.

ஜொஹரா சட்டங்களுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னொரு ஸ்டூல் கிடந்தது. இன்று அருமைநாயகம் அதில் உட்கார்ந்தார்.

ஜொஹரா பாலில்லாத டீயை ஊற்றிக் கொடுத்தார். குடித்தார்கள். கடல் பழுப்பாக மாறிக்கொண்டிருந்தது.

“எல்லாரும் பத்திரமா கடந்துட்டாங்க” என்றார் அருமைநாயகம்.

“கேள்விப்பட்டேன்.”

“குழாய் தூக்கினதும் நசுங்கிப் போச்சு.”

“ம்.”

“மிச்சத்தை யாரு தின்னதுன்னு புரிஞ்சுபோச்சு, மேடம்.”

“சொல்லுங்க.”

“சாம்பல் தனியா வந்திருந்தா தாங்கியிருக்கும். தண்ணி தனியா வந்திருந்தாலும் தாங்கியிருக்கும். ரெண்டையும் தனித்தனியா நிறுத்தி வச்சுக் கூட்டினதுதான் நான் பண்ணின தப்பு. அதுங்க தனித்தனியா வரலை. ஒண்ணு வந்து...”

செல்போன் மணி அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை. அவர் அதை மறந்தே போயிருந்தார்.

“மக” என்றார் ஜொஹராவிடம். பதறி எழுந்தார். டீ டம்ளரைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். அதைத் தண்ணீர்த் தொட்டியில் நனைத்தார். பிழிந்தார். முகத்துக்குக் கொண்டுபோனார்.

“தேய்க்காதீங்க” என்றார் ஜொஹரா.

கை நின்றது.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஜொஹரா எழுந்து, சட்டங்களின் மறு கோடியை நோக்கி நடந்துவிட்டார்.

அருமைநாயகம் பொத்தானை அழுத்தினார். செல்போன் திரையில் மகளின் முகம் வந்தது.

“அப்பா, லைட்டு போடுங்கப்பா. முகமே தெரி...”

அவள் நிறுத்தினாள். முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டு வந்தாள்.

“அப்பா?”

“ம்.”

“நல்லா இருக்கீங்களாப்பா?”

கைக்குட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

“இல்லைம்மா” என்றார்.